சோறு போடுறாங்களே, காசு எதுக்கு?

1

மலேசியச் சமூகநல இலாகா உடற்பேறு குறைந்தவர்களுக்கு மாதந்தோறும் கொடுக்கும் உதவித்தொகைகளில் இரண்டு முக்கியமானவை. வேலை செய்து குறைந்த சம்பளம் வாங்கும் ஓகேயூ கார்டுதாரருக்கு ஒன்று. வேலை செய்யவே முடியாதவருக்கு இன்னொன்று. 2021ஆம் ஆண்டு பட்ஜெட்டில் முதலாவது 400 வெள்ளியிலிருந்து 450 ஆனது; இரண்டாவது 250 வெள்ளியிலிருந்து 300 ஆனது. நம்மவர்கள் இரண்டையும் சேர்த்து ‘வெல்பேர் காசு’ என்று ஒரே பெயரில் சொல்லிவிடுவார்கள். குடியுரிமை, வயது, வருமானம் என்று நீளும் நிபந்தனைகளுக்கு நடுவே ஒரு வரி வருகிறது. இலவசமாக உணவும் தங்குமிடமும் தரும் இல்லத்தில் வசிப்பவராக இருக்கக் கூடாது.

முதல் வாசிப்பில் இதில் ஒரு தவறும் தெரியாது. அரசாங்கப் பணம் என்பது நம் எல்லாருடைய பணம். ஒருவருக்குச் சோறும் கூரையும் வேறு வழியில் கிடைத்துவிட்டால், அதற்கே இன்னொரு முறை ஏன் காசு கொடுக்க வேண்டும்? நான் வேலை செய்யும் இடத்திலும் ஒரே செலவுக்கு இரண்டு பில் வந்தால் ஒன்றைத் திருப்பி அனுப்பிவிடுவோம். அதே கணக்குத்தான்.

இந்த வரியை நான் கவனித்துப் படிக்க நேர்ந்தது அம்பாங்கில் எங்கள் பிளாட்டில் இரண்டு மாடி கீழே இருக்கும் ஓர் ஆன்ட்டியால். அவருக்கு வயது அறுபத்தெட்டு. மகனுக்கு முப்பத்தாறு, அறிவு வளர்ச்சிக் குறைபாடு உள்ளவர். என்னைவிட மூத்தவர் என்பதால் அண்ணன் என்றுதான் கூப்பிடுவேன். பாரம் நிரப்ப வேண்டுமென்றாலும், போனில் எதையாவது தேட வேண்டுமென்றாலும் ஆன்ட்டி என்னைத்தான் அழைப்பார். “நீ இன்ஜினியர்தானே தம்பி, பாத்துச் சொல்லு” என்பார். எலெக்ட்ரிக்கல் படிப்புக்கும் வெல்பேர் விதிகளுக்கும் ஒரு சம்பந்தமும் இல்லை என்று விளக்குவதைவிடப் படித்துச் சொல்லிவிடுவது சுலபம்.

சென்ற ஆண்டு கிள்ளான் பக்கம் ஒரு சிறிய இல்லத்தில் இடம் காலியாக இருப்பதாக யாரோ அவருக்குச் சொல்லியிருந்தார்கள். ஆறு பேர் வசிக்கும் தரைவீடு. சமையல், துணி, மருந்து எல்லாவற்றுக்கும் ஆள் உண்டு. கட்டணம் இல்லை. ஆன்ட்டி என்னிடம் கேட்டது இது: “அவன் அங்க போயிட்டா அந்த முந்நூறு வெள்ளி நின்னுடுமா?” விதியைப் படித்தால் நின்றுவிடும் என்றுதான் தெரிகிறது என்றேன். சற்று நேரம் யோசித்தார். “அப்ப அவன் கையில ஒண்ணுமே இருக்காதா?”

இதைக் கேட்ட உறவினர் ஒருவர் சொன்னார்: “சோறு போடுறாங்களே ஆன்ட்டி, அவனுக்குக் காசு எதுக்கு?” அந்த விதிக்குள் இருக்கும் தத்துவமும் இதுதான். இந்தக் கேள்விக்கு ஒழுங்கான பதில் ஒன்றைத் தேடிப் பார்ப்பதே இந்தக் கட்டுரை.

2

முதலில் ஒரு சின்னக் கணக்கு. அண்ணன் இப்போது அம்மாவோடு இருக்கிறார். அங்கே அவருக்குச் சோறு இலவசம், குடிக்கத் தண்ணீர் இலவசம், தங்குமிடம் இலவசம். இல்லத்துக்குப் போனாலும் அதே மூன்றும் இலவசம். ஆனால் முதல் வீட்டில் 300 வெள்ளி உண்டு, இரண்டாவது வீட்டில் இல்லை. அண்ணன் மாறவில்லை. அவருடைய குறைபாடும் மாறவில்லை. மாறியது சோறு போடும் கை மட்டும்தான்.

ஆக, ‘இலவசச் சோறு கிடைத்தால் உதவித்தொகை இல்லை’ என்ற கொள்கையை அரசாங்கமே முழுவதுமாகப் பின்பற்றுவதில்லை. அம்மா போடும் சோற்றை அது சோறாகவே எண்ணவில்லை. அம்மா தருவது இயற்கை. மழை பெய்வது போல, காற்று வீசுவது போல. மழைக்கு யாரும் விலை போடுவதில்லை. வேறு யாராவது அதே சோற்றைப் போட்டால் மட்டும் அது கணக்கில் ஏறும் ‘வசதி’ ஆகிவிடுகிறது.

இதை அரசாங்கத்தின் தவறு என்று மட்டும் சொல்லிவிட முடியாது. நாமும் அப்படித்தான் எண்ணுகிறோம். மாதம் 300 வெள்ளி என்றால் நாளுக்குப் பத்து வெள்ளி. இருபத்து நான்கு மணி நேரத்தால் வகுத்தால் மணிக்கு ஏறக்குறைய 42 காசு. மகனைக் குளிப்பாட்டி, ஊட்டி, இரவில் எழுந்து பார்த்து, கதவைப் பூட்டியிருக்கிறோமா என்று இரண்டு தடவை சரிபார்த்து ஒரு தாய் செய்யும் வேலைக்கு அது சம்பளமும் அல்ல. அது மகனின் பெயரில் வரும் காசு. ஆனாலும் அந்தக் காசுதான் அந்த வீட்டில் அரிசியாகவும் கரண்ட் பில்லாகவும் ஆகிறது. படுத்த படுக்கையாக இருப்பவர்களைப் பார்த்துக்கொள்வோருக்கென்று வேறொரு உதவித்தொகை உண்டு. 2021 பட்ஜெட்டில் அது 350 வெள்ளியிலிருந்து 500 ஆனது. அண்ணன் நடமாடுகிறவர், அதனால் அது அவர்களுக்கு இல்லை.

இங்கேதான் விஷயம் சங்கடமாகிறது. மகன் வீட்டை விட்டுப் போனால் நிற்பது மகனின் காசு மட்டுமல்ல, அம்மாவின் சமையலறைக் காசும்தான். அதை யோசித்து ஆன்ட்டி தயங்கினால் “காசுக்காக மவன வச்சிருக்கா” என்பார்கள். தயங்காமல் அனுப்பிவைத்தால் “பெத்த புள்ளயத் தள்ளி விட்டுட்டா” என்பார்கள். இந்த இரண்டு வாக்கியங்களுக்கு நடுவே அவருக்கு நிற்க இடமில்லை. கணக்கு போடுவதே பாவம் என்று ஏழைத் தாயிடம் எதிர்பார்க்கிறோம். கணக்கு போடாமல் அவரால் ஒரு வாரத்தைக்கூட ஓட்ட முடியாது என்பதும் நமக்குத் தெரியும்.

விதியின் சொற்களை இன்னும் கொஞ்சம் உற்றுப் பார்க்கலாம். அது ‘இலவசமாக’ என்கிறது. கட்டணம் வாங்கும் இல்லம் இலவச இல்லம் அல்ல. அப்படியென்றால் வசதியுள்ள குடும்பம் மாதக் கட்டணம் கட்டித் தன் பிள்ளையை ஓர் இல்லத்தில் சேர்த்தால், சொல்லுக்குச் சொல் படிக்கும்போது இந்த நிபந்தனை அவர்களைத் தொடாது. கட்டணம் கட்ட வழியில்லாமல் தர்ம இல்லத்தில் சேர்ப்பவர்களைத்தான் தொடும். இலவசத்தைத் தேடி வருகிறவன் யார்? கையில் இல்லாதவன். அவனிடமிருந்துதான் மிச்சமிருக்கும் காசும் போகிறது.

3

‘இலவச வீடு’ என்ற சொல்லை மலேசியத் தமிழர்களாகிய நாம் மற்றவர்களைவிட நன்றாகப் புரிந்துகொள்ள வேண்டும். நம்மில் பலருடைய தாத்தா பாட்டிகள் அப்படிப்பட்ட வீடுகளில் வாழ்ந்தவர்கள்.

என் தாத்தா குவாலா சிலாங்கூர் பக்கம் ஒரு ரப்பர் தோட்டத்தில் பால் மரம் வெட்டியவர். லயத்து வீடு தோட்டத்தின் சொத்து, வாடகை கிடையாது. சம்பளத்தைப் பற்றிப் பேச்செடுத்தால் “வீடு சும்மாதானே குடுத்திருக்கோம்” என்ற பதில் வரும் என்பார். வேலை இருக்கும்வரை வீடு. வேலை போனால், வயதானால், வீட்டில் வேறு யாரும் மரம் வெட்டாவிட்டால் வீடும் போகும். தோட்டங்கள் வீடமைப்பு நிறுவனங்களுக்கு விற்கப்பட்டபோது இந்த இலவசத்தின் உண்மையான விலை வெளியே தெரிந்தது. முப்பது நாற்பது வருடம் ஒரே கூரையின் கீழ் வாழ்ந்தவர்கள் கையில் சேமிப்பும் இல்லாமல், பெயரில் ஒரு சதுர அடியும் இல்லாமல் கிள்ளான் பள்ளத்தாக்கின் புறம்போக்குக் குடிசைகளுக்கு வந்தார்கள். அங்கிருந்து பிளாட்டுகளுக்கு வந்தார்கள். அம்பாங், பண்டான், பூச்சோங் என்று எங்கே விசாரித்தாலும் இந்தக் கதை கிடைக்கும்.

தாத்தாவின் தலைமுறை கற்றுக்கொண்ட பாடம் எளிமையானது. கூரையும் கூலியும் ஒரே கையிலிருந்து வரும்போது, கூரையைக் காட்டிக் கூலியைக் குறைக்கலாம். கூலியை நிறுத்திக் கூரையையும் பிடுங்கலாம். அந்த வீட்டில் இருப்பவன் கேள்வி கேட்க மாட்டான். கேட்டால் போக வேறு இடமில்லை.

பராமரிப்பு இல்லங்களை நடத்துகிறவர்களைத் தோட்ட நிர்வாகத்தோடு ஒப்பிடுவது நியாயமல்ல. பெரும்பாலும் நல்ல மனம் கொண்டவர்கள், கைக்காசைப் போட்டு நடத்துகிறவர்களும் உண்டு. நான் சொல்ல வருவது மனதைப் பற்றியல்ல, அமைப்பைப் பற்றி. உணவும் இடமும் துணையும் ஒரே கதவுக்குப் பின்னால் இருந்து, கையில் ஒரு காசும் இல்லாவிட்டால், உள்ளே இருப்பவருக்கு அந்தக் கதவு எவ்வளவு அன்பானதாக இருந்தாலும் ஒரே கதவுதான். ‘எனக்கு இன்று இந்தச் சாப்பாடு வேண்டாம், வெளியே ஒரு ரொட்டி சானாய் சாப்பிட்டுவிட்டு வருகிறேன்’ என்று சொல்ல நாலு வெள்ளியாவது வேண்டும்.

நம் சட்டத்தின் பார்வையிலும் வீட்டுக்கும் இல்லத்துக்கும் நடுவே அதிக இடமில்லை. 1993ஆம் ஆண்டு பராமரிப்பு மையச் சட்டத்தின்படி நான்கு பேர் அல்லது அதற்கு மேல் பராமரிப்புக்காகச் சேர்க்கப்படும் இடம் தங்கிப் பராமரிக்கும் மையம். நாலு நண்பர்கள் ஒரு வீட்டை வாடகைக்கு எடுத்து, துணைக்கு ஒருவரைச் சம்பளத்துக்கு வைத்துக்கொண்டு வாழ்வது என்ற மூன்றாவது வழியை இந்த ஏற்பாடுகள் மனதில் வைத்து எழுதப்படவில்லை. ஆனால் உலகத்தில் பல இடங்களில் ‘உதவியோடு வாழும் வீடு’ என்று இன்று சொல்லப்படுவது அதைத்தான்.

4

இந்தப் பிரச்சினை நமக்கு மட்டும் வந்ததல்ல. இரண்டு நாடுகள் இதை எப்படிக் கையாள்கின்றன என்று பார்ப்பது உதவும். இரண்டும் நம்மைவிடப் பணக்கார நாடுகள் என்பது உண்மை. ஆனால் இங்கே கவனிக்க வேண்டியது தொகையின் அளவை அல்ல, காசைப் பிரிக்கும் முறையை.

அமெரிக்காவில் வருமானமில்லாத உடற்பேறு குறைந்தவர்களுக்கு எஸ்.எஸ்.ஐ. என்றொரு மாதாந்திர உதவி உண்டு. மெடிகெய்ட் என்ற அரசாங்க மருத்துவத் திட்டம் செலவின் பெரும்பகுதியை ஏற்கும் பராமரிப்பு நிலையத்தில் ஒருவர் மாதக்கணக்கில் தங்கினால், இந்த உதவி மாதம் 30 டாலராகச் சுருங்கிவிடும். சோப்பு, சட்டை, முடிவெட்டு, பிறந்தநாள் வாழ்த்து அட்டை எல்லாமே அந்த 30 டாலருக்குள்தான். அந்தத் தொகை 1988க்குப் பிறகு உயரவே இல்லை. கஞ்சத்தனம்தான். ஆனால் அந்தக் கஞ்சத்தனத்துக்குள்ளும் ஒரு ஒப்புதல் இருக்கிறது. சோறும் கூரையும் கொடுத்த பிறகும் ஒரு மனிதன் கையில் ஏதோ கொஞ்சம் இருந்தாக வேண்டும் என்று அந்தச் சட்டம் ஏற்றுக்கொள்கிறது.

இங்கிலாந்தில் ஏற்பாடு வேறு. அங்கே உடற்பேறு குறைந்தவர்களுக்கான உதவித்தொகை இரண்டு பகுதிகளாக வருகிறது. அன்றாட வாழ்க்கைக்கு ஒன்று, வெளியே போய்வர ஒன்று. உள்ளூராட்சி செலவில் பராமரிப்பு இல்லத்தில் சேர்ந்தால் முதல் பகுதி 28 நாட்களுக்குப் பிறகு நிற்கும். வெளியே போய்வருவதற்கான பகுதி தொடரும். ஆனால் ஒருவர் தன் பெயரில் வாடகை ஒப்பந்தம் போட்டுக்கொண்டு, உதவியாளர்கள் வந்துபோகும் வீட்டில் வாழ்ந்தால் இரண்டும் தொடரும். வாடகைக்குத் தனியாக வேறொரு உதவி கிடைக்கும். அதாவது கூரைக்கான காசு ஒரு பக்கம், துணைக்கான காசு ஒரு பக்கம், மனிதனுக்கான காசு ஒரு பக்கம். ஒன்று மாறினால் மற்றவை தானாக விழுந்துவிடுவதில்லை.

2010இல் அந்த நாட்டின் அரசாங்கம் சிக்கன நடவடிக்கை என்ற பெயரில், இல்லங்களில் இருப்பவர்களுக்கு வெளியே போய்வரும் பகுதியையும் நிறுத்தப் போவதாக அறிவித்தது. வாதம் நமக்குப் பழக்கமானதுதான். ‘இல்லத்திலேயே வேன் இருக்கிறதே, தனிக் காசு எதற்கு?’ ஏறக்குறைய 80,000 பேரைத் தொடும் முடிவு அது. உடற்பேறு குறைந்தோர் அமைப்புகள் எதிர்த்தன. பார்வையற்றவரான லோ பிரபு தலைமையில் ஒரு சுயேச்சைக் குழு இதை ஆராய்ந்தது. 2011 டிசம்பரில் அரசாங்கம் திட்டத்தைக் கைவிட்டது. இல்லத்து வேன் எல்லாரையும் ஏற்றிக்கொண்டு எல்லாரும் போகும் இடத்துக்குப் போகிறது. ஒரு மனிதன் தன் தங்கையைப் பார்க்க, தனக்குப் பிடித்த கடைக்கு, தான் விரும்பும் நேரத்தில் போவதற்கு அந்த வேன் உதவாது. இந்த வித்தியாசத்தை ஓர் அரசாங்கத்துக்குப் புரியவைக்க ஓராண்டுக்கு மேல் ஆனது.

அங்கும் எல்லாம் சரியாக நடக்கிறது என்று சொல்ல முடியாது. பழைய இல்லத்தில் பெயர்ப்பலகையை மாற்றி, ஒப்பந்தத் தாளை மாற்றி, உள்ளே வாழ்க்கையை மாற்றாமல் ‘உதவியோடு வாழும் வீடு’ என்று காட்டுகிறார்கள் என்ற விமர்சனம் அங்கே உண்டு. தாளில் பிரித்தால் மட்டும் போதாது. ஆனால் தாளில்கூடப் பிரிக்காத இடத்தில் வாழ்க்கையில் பிரிவது இன்னும் கஷ்டம்.

மலேசியாவின் 2008ஆம் ஆண்டு உடற்பேறு குறைந்தோர் சட்டத்தைப் பற்றியும் ஒரு வார்த்தை சொல்ல வேண்டும். அதே ஆண்டு ஏப்ரலில் மலேசியா உடற்பேறு குறைந்தோர் உரிமைகள் பற்றிய ஐ.நா. உடன்படிக்கையில் கையெழுத்திட்டது, 2010 ஜூலையில் அதை ஏற்று உறுதிசெய்தது. சில பிரிவுகளை ஏற்க மறுத்த மலேசியா, எங்கே, யாரோடு வாழ்வது என்பதைத் தேர்ந்தெடுக்கும் உரிமையைச் சொல்லும் 19ஆம் பிரிவை மறுக்கவில்லை. ஆனால் நம் உள்நாட்டுச் சட்டம் அரசாங்கத்தின்மீது வழக்குப் போடுவதற்குக் கதவை அடைத்துவைத்திருக்கிறது. உரிமை காகிதத்தில் இருக்கிறது, அதைக் கேட்கும் வழி இல்லை. இப்படிப்பட்ட இடத்தில் உதவித்தொகை விதியின் ஒற்றை வரிதான் உண்மையான சட்டமாக வேலை செய்கிறது. எங்கே வாழலாம் என்பதை அந்த வரிதான் முடிவுசெய்கிறது.

5

இனி, அந்த உறவினரின் கேள்விக்கு வருகிறேன். சோறு போடுறாங்களே, காசு எதுக்கு?

வழக்கமான பதில் ஒன்று உண்டு. உடற்பேறு குறைந்தவருக்கு மற்றவர்களைவிடச் செலவு அதிகம் என்பது. அமர்த்தியா சென் இதைத் தெளிவாகச் சொல்லியிருக்கிறார். ஒரே வருமானத்தை வைத்துக்கொண்டு எல்லாரும் ஒரே வாழ்க்கையை வாழ முடியாது. காசை வாழ்க்கையாக மாற்றும் இடத்தில் உடற்பேறு குறைந்தவருக்கு இன்னொரு இழப்பு ஏற்படுகிறது. சம்பாதிப்பதில் ஒரு தடை, சம்பாதித்ததைப் பயன்படுத்துவதில் இன்னொரு தடை. நடந்து போக முடியாதவருக்கு டாக்சி வேண்டும். இது சரியான பதில். ஆனால் ‘அந்த டாக்சியையும் இல்லமே ஏற்பாடு செய்துவிட்டால்?’ என்று கேட்பவரிடம் இது நின்றுவிடும். தேவைகளின் பட்டியலாகப் பேசினால் ஒவ்வொன்றையும் யாராவது இலவசமாகத் தந்து பட்டியலைக் காலியாக்கிவிடலாம்.

எனக்குத் தோன்றும் பதில் வேறு. காசு வாங்குவதற்கு மட்டும் பயன்படுவதில்லை, கொடுப்பதற்கும் பயன்படுகிறது.

நம் வீடுகளில் பாட்டிகளுக்குச் சோறு இலவசம்தான். மகன் வீட்டில் சாப்பிடுகிறார், மகன் வீட்டில் தூங்குகிறார். ஆனாலும் சுருக்குப் பையிலோ பவுடர் டின்னிலோ மடித்து வைத்த சில நோட்டுகள் இருக்கும். பேரன் பரீட்சைக்குக் கிளம்பும்போது அதிலிருந்து ஐந்து வெள்ளி வரும். கோயில் உண்டியலுக்கு ஒரு வெள்ளி போகும். அந்தக் காசை மட்டும் எடுத்துவிட்டுப் பாட்டிக்கு மூன்று வேளையும் விருந்து வைத்துப் பாருங்கள். அவர் வீட்டு மனுஷியாக இருந்த நிலை போய், பார்த்துக்கொள்ளப்படும் ஆளாக ஆகிவிடுவார்.

தீபாவளி நேரத்தில் இது இன்னும் தெளிவாகத் தெரியும். மலேசியாவில் நாம் சீனர்களிடமிருந்து எடுத்துக்கொண்ட பழக்கம் அங்பாவ். சின்னப் பிள்ளைகளுக்கு உறையில் இரண்டு வெள்ளியோ ஐந்து வெள்ளியோ. கொடுப்பவர் பெரியவர், வாங்குபவர் சிறியவர். அந்த உறைதான் அந்த வித்தியாசத்தைக் காட்டுகிறது. எங்கள் பிளாட்டில் ஒவ்வொரு தீபாவளிக்கும் அந்த அண்ணன் மாடிப்படியில் நின்று பிள்ளைகளுக்கு அங்பாவ் கொடுப்பார். ஆளுக்கு ஒரு வெள்ளி. உறைகளை ஆன்ட்டி தயார்செய்து தருவார். அந்த முந்நூறிலிருந்துதான். கணக்கு அவருக்குச் சரியாகத் தெரியாது, சில பிள்ளைகள் இரண்டாம் முறை வரிசையில் வந்து நிற்பதும் உண்டு. ஆனால் அந்த ஒரு நாள் அவர் பிள்ளைகளுக்கு ‘மாமா’.

இப்போது இல்லங்களை நினைத்துப் பாருங்கள். தீபாவளிக்கு முன்னால் வாரக் கடைசிகளில் கம்பெனிகள் வரும், சங்கங்கள் வரும். ஹாம்பர், பிஸ்கட் டின், புதுச் சட்டை, அங்பாவ். வரிசையாக உட்காரவைத்துக் கொடுப்பார்கள், படம் எடுப்பார்கள். நல்ல மனதோடுதான் செய்கிறார்கள். என் கம்பெனியிலிருந்தும் போயிருக்கிறார்கள். ஆனால் அந்த வரிசையில் உட்கார்ந்திருக்கும் முப்பத்தாறு வயது ஆளுக்கு ஆண்டு முழுவதும் கிடைப்பது ஒரே ஒரு வேடம். வாங்குகிறவர். தங்கை மகளுக்குக் கொடுக்க அவரிடம் ஓர் உறைகூட இல்லை என்றால் அவர் எவ்வளவு வயதானாலும் அந்தக் குடும்பத்தில் பிள்ளைதான்.

வர்ஜீனியா வூல்ஃப் 1929இல் எழுதிய புகழ்பெற்ற கட்டுரை நூலில், ஒரு பெண் எழுத வேண்டுமென்றால் அவளுக்குத் தனி அறையும் ஆண்டுக்கு 500 பவுன் வருமானமும் வேண்டும் என்றார. நாம் பெரும்பாலும் அந்த அறையை ஞாபகம் வைத்துக்கொண்டு பவுனை மறந்துவிடுகிறோம். அவர் இரண்டையும் சேர்த்தே கேட்டார். நம் விதி இரண்டில் ஒன்றைத்தான் தருகிறது. அம்மா வீட்டில் இருந்தால் காசு உண்டு, தனக்கென்று ஒரு வாழ்க்கை இல்லை. வெளியே போனால் தனி வாழ்க்கைக்கு ஒரு வாய்ப்பு உண்டு, காசு இல்லை.

இதற்கு எதிராக ஒரு வலுவான வாதம் இருக்கிறது. இல்லத்தில் இருப்பவருக்குக் காசு கொடுத்தால் அது அவர் கைக்கா போகும்? நடத்துகிறவர் கைக்குப் போகாது என்று என்ன நிச்சயம்? வங்கிக் கார்டை வாங்கி வைத்துக்கொண்டு, ஆட்களைச் சேர்ப்பதையே வியாபாரமாக்க யாராவது கிளம்பினால்? இந்தப் பயம் நியாயமானது. பணத்தைத் தானே கையாளத் தெரியாதவரின் பெயரில் பணம் வரும் எந்த இடத்திலும் இது நடக்கலாம். ஆனால் அது வீட்டிலும் நடக்கலாம். அண்ணன், தம்பி, மாமன் யார் வேண்டுமானாலும் அந்தக் கார்டை வைத்திருக்கலாம். வீட்டில் நடக்கலாம் என்பதற்காக வீட்டில் இருப்பவர்களின் காசை யாரும் நிறுத்தவில்லை. திருட்டுப் பயம் இருந்தால் பூட்டு வாங்க வேண்டும். பொருளையே எடுத்துக்கொண்டு போய்விடுவது பாதுகாப்பு ஆகாது.

இன்னொரு வாதமும் உண்டு. காசு கொஞ்சம்தான் இருக்கிறது, வரிசையில் நிற்பவர்கள் ஏராளம், சோறே இல்லாதவருக்கு முதலில் கொடுப்பதுதானே முறை? இதற்கு என்னிடம் சுலபமான மறுப்பு இல்லை. ஆனால் சிக்கனத்துக்கும் அளவு உண்டு. முந்நூறில் இருநூறைக் குறைப்பது ஒரு விஷயம், முந்நூறையும் பூஜ்யமாக்குவது வேறு விஷயம். நூறு வெள்ளி உள்ளவனுக்கும் ஒன்றுமே இல்லாதவனுக்கும் உள்ள தூரம், முந்நூறு உள்ளவனுக்கும் நூறு உள்ளவனுக்கும் உள்ள தூரத்தைவிட மிகப் பெரியது.

6

என் தொழிலில் ஒரு பழைய பாடம் உண்டு. ஒரு மோட்டாரை ‘ஆன்’, ‘ஆஃப்’ என்ற இரண்டே நிலைகளில் வைத்து ஓட்டினால் ஒவ்வொரு தடவை மாற்றும்போதும் அது அதிர்ச்சி வாங்கும். பெரிய மோட்டார்களை அப்படி ஓட்டவே மாட்டோம், மெதுவாக ஏற்றி மெதுவாக இறக்குவோம். வெல்பேர் விதிகள் பெரும்பாலும் ‘ஆன்’, ‘ஆஃப்’ விதிகள். வேலை செய்பவருக்கான உதவித்தொகையிலும் வருமான வரம்பு இருக்கிறது. அந்த வரம்பைத் தாண்டும் கடைசி ஒரு வெள்ளி 450 வெள்ளியையும் சேர்த்து எடுத்துக்கொண்டு போய்விடும். இல்லத்தின் வாசற்படியும் அப்படி ஒரு வரம்பு. உள்ளே கால் வைத்தால் பூஜ்யம்.

இதனால் நடப்பது என்ன? யாரும் முயன்று பார்ப்பதில்லை. மூன்று மாதம் இருந்து பார்க்கலாம், பிடிக்காவிட்டால் திரும்பி வரலாம் என்று ஆன்ட்டியால் நினைக்க முடியவில்லை. திரும்பி வந்தால் மறுபடியும் பாரம், மறுபடியும் விசாரணை, எத்தனை மாதம் ஆகுமோ என்ற பயம். ஆகவே இப்போதைக்கு வேண்டாம் என்று வைத்துக்கொள்கிறார். எல்லாரும் அப்படித்தான் வைத்துக்கொள்கிறார்கள். கடைசியில் அம்மா மருத்துவமனையில் படுக்கும் அன்றோ, இறந்த மறுநாளோ, மகன் ஒரே இரவில் ஊர் பேர் தெரியாத ஓர் இடத்துக்குக் கொண்டுபோகப்படுகிறார். அன்று அவர் அம்மாவையும் வீட்டையும் மாடிப்படியையும் சேர்த்து இழக்கிறார். அம்மா உயிரோடு இருக்கும்போதே, வாரக் கடைசியில் வீட்டுக்கு வந்து போகும்படி, மெதுவாக அவர் வேறொரு வாழ்க்கைக்குப் பழகியிருக்கலாம்.

பெரிய சீர்திருத்தம் எதையும் நான் கேட்கவில்லை. மூன்று சின்ன மாற்றங்கள் போதும். ஒன்று, முதல் சில மாதங்களுக்குத் தொகை நிற்கக் கூடாது. இங்கிலாந்தில் 28 நாள்; நாம் ஆறு மாதம் என்று வைக்கலாம், ஒரு மனிதர் புது வீட்டில் தூங்கிப் பழக அவ்வளவு ஆகும். இரண்டு, அதற்குப் பிறகு சோற்றுக்கும் கூரைக்குமான பங்கைக் கழித்துக்கொண்டாலும், ஒரு பகுதி அவர் பெயரிலேயே, அவருடைய வங்கிக் கணக்கிலேயே வர வேண்டும். அது எப்படிச் செலவாகிறது என்பதைப் பார்க்க இல்லத்தைச் சேராத ஒருவர் இருக்க வேண்டும். மூன்று, சிலர் சேர்ந்து வாடகை வீட்டில் உதவியாளரோடு வாழ விரும்பினால் அதை இல்லம் என்று எண்ணாமல் வீடு என்று எண்ண வேண்டும். அரிசியை யார் வாங்குகிறார்கள் என்பதை வைத்து ஒருவருடைய உரிமையை முடிவுசெய்வது நிற்க வேண்டும்.

1951இல் தொடங்கப்பட்ட மலேசியப் பார்வையற்றோர் சங்கம் பிரிக்பீல்ட்ஸில் இயங்குகிறது. அந்தத் தெருக்களில் வெள்ளைக் கோலோடு நடந்து, கடையில் தே தாரிக் குடித்து, காசை விரலால் தடவிப் பார்த்து எண்ணிக் கொடுப்பவர்களைப் பார்த்து வளர்ந்தவர்கள் நாம். தம் காசைத் தாமே கொடுப்பவர்களை யாரும் பாவம் பார்த்து வழிவிடுவதில்லை. வாடிக்கையாளருக்கு வழிவிடுவது போல விடுகிறார்கள். அண்ணனைப் போன்றவர்களுக்கு அந்தக் கணக்கை எண்ணிக் கொடுக்க உதவி தேவைப்படும். அதற்குத்தான் உதவியாளர்கள். எண்ணிக் கொடுக்க அவர் பையில் ஏதாவது இருப்பது அரசாங்கத்தின் பொறுப்பு.

ஆன்ட்டி கிள்ளான் வீட்டுக்கு இன்னும் பதில் சொல்லவில்லை. அந்த இடம் அடுத்தவருக்குப் போயிருக்கலாம்.